ஒரே ஓவன், 24 பேர்: கிறிஸ்துமஸ் விருந்தை நேரத்துக்குப் பரிமாறுவது எப்படி?

கேட்டரிங் படித்துவிட்டு வெளிநாட்டுச் சமையலறைகளில் வேலைக்குச் சேரும் நம் இளைஞர்களுக்கு முதல் பெரிய சோதனை டிசம்பரில் வருகிறது. நட்சத்திர ஹோட்டல்களில் ஓவன்கள் வரிசையாக நிற்கும். பிரிட்டனின் கிராமப்புற விடுதி, சிறிய உணவகம், முதியோர் இல்லம் போன்ற இடங்களில் அப்படி இல்லை. ஆறு பர்னர் அடுப்பும் அதன் வயிற்றுக்குள் ஒரே ஒரு ஓவனும்தான் பெரும்பாலும் கிடைக்கும். அதை வைத்துத்தான் கிறிஸ்துமஸ் பகல் விருந்தை முடிக்க வேண்டும்.

விருந்தின் பட்டியலைப் பாருங்கள். வான்கோழி, ஸ்டஃபிங், ரோஸ்ட் உருளைக்கிழங்கு, பார்ஸ்னிப், பேக்கன் சுற்றிய சிறு சாசேஜ், அசைவம் சாப்பிடாதவர்களுக்கு நட் ரோஸ்ட், கடைசியில் மின்ஸ் பை. ஏழும் ஓவன் கேட்கின்றன. மின்ஸ் பை தவிர மற்ற ஆறும் ஒரே நேரத்தில் சூடாக மேசைக்கு வர வேண்டும். இதில் தோற்பவர்கள் சமைக்கத் தெரியாமல் தோற்பதில்லை. நேரத்தைக் காகிதத்தில் எழுதாமல் போனதால் தோற்கிறார்கள். எழுதிப் பழகியவர் கமி எனப்படும் இளநிலைச் சமையல்காரர் நிலையிலிருந்து பொறுப்பான இடத்துக்கு விரைவில் உயர்வார். அந்தத் திட்டத்தை எப்படிப் போடுவது என்பதை, 24 பேருக்கான ஒரு விருந்தை எடுத்துக்கொண்டு முழுமையாகப் பார்க்கலாம்.

நெருக்கடி எங்கே என்று கண்டுபிடியுங்கள்

எலியாஹு கோல்ட்ராட் 1984இல் வெளியிட்ட ‘தி கோல்’ என்ற நாவல் ஒரு தொழிற்சாலையைப் பற்றியது. அதன் மையக் கருத்து சமையலறைக்கும் அப்படியே பொருந்தும். எந்த வேலையிடத்திலும் ஓர் இடம்தான் மொத்த வேகத்தையும் தீர்மானிக்கிறது. அந்த இடத்தில் ஒரு மணி நேரம் வீணானால், மொத்த இடத்துக்கும் ஒரு மணி நேரம் வீண். மற்ற இடங்களில் எவ்வளவு விரைந்தாலும் அதை ஈடுகட்ட முடியாது.

கிறிஸ்துமஸ் சமையலறையில் அந்த இடம் ஓவன். ஆகவே திட்டம் வான்கோழியிலிருந்து தொடங்கக் கூடாது, ஓவனிலிருந்து தொடங்க வேண்டும். ஒற்றைத் தண்டவாளத்தில் எந்த ரயில் எப்போது போகும், எது எங்கே காத்திருக்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்வதைப் போல, ஓவனுக்குள் எது எப்போது நுழையும், எப்போது வெளியேறும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். மற்ற வேலைகள் எல்லாம் அதைச் சுற்றித் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்

டிசம்பர் முதல் வாரத்திலேயே ஓவனின் உள் அகலம், ஆழம், உயரம் மூன்றையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியச் சமையலறைகளில் டிரேக்கள் கேஸ்ட்ரோநார்ம் என்ற பொது அளவில் வருகின்றன. முழு டிரே 530 × 325 மில்லிமீட்டர். அதைப் போல இருமடங்கு பெரியது 650 × 530. உங்கள் ஓவனில் பெரிய அளவு கொள்ளும் இரண்டு அடுக்குகள் இருந்தால், ஒரே நேரத்தில் நான்கு முழு டிரேக்கள் வைக்கலாம். நம் கணக்குக்கு அதையே எடுத்துக்கொள்வோம். மொத்தத் திட்டமும் அந்த நான்கு இடங்களுக்குள் அடங்க வேண்டும்.

அடுத்து, வெப்பத்தைச் சோதியுங்கள். பழைய ஓவன்களில் குமிழில் எழுதியிருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒத்துப்போகாது. ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே வைத்து அரை மணி நேரம் கவனியுங்கள். எந்த மூலை சீக்கிரம் கருக்குகிறது என்று அறிய, ஒரு டிரே முழுக்க ரொட்டித் துண்டுகளைப் பரப்பி வாட்டிப் பாருங்கள். ஃபேன் உள்ள ஓவன் என்றால், சாதாரண ஓவனுக்கு எழுதப்பட்ட குறிப்பிலிருந்து சுமார் 20 டிகிரி செல்சியஸ் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஓவன் தேவையில்லாததை வெளியேற்றுங்கள்

இப்போது மெனுவை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் உணவுக்கும் பக்கத்தில் ஒரே கேள்வியை எழுதுங்கள்: இதற்கு ஓவன் தேவையா, அதுவும் அன்று காலையில் தேவையா? பட்டியல் மூன்றாகப் பிரியும்.

அடுப்பிலேயே முடிபவை: கிரேவி, கிரான்பெர்ரி சாஸ், பிரெட் சாஸ், சிவப்பு முட்டைக்கோஸ், பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ். கிறிஸ்துமஸ் புட்டிங்கும் இந்த வரிசைதான், அது ஆவியில் வேகும் பண்டம். பல வீடுகளில் அட்வெண்ட் காலத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையே, அதாவது நவம்பர் கடைசி வாக்கில், புட்டிங்கைச் செய்து வைத்துவிடுவார்கள். விருந்தன்று மறுபடி ஆவியில் சூடாக்கினால் போதும்.

முந்தைய நாளே ஓவனில் முடிபவை: மின்ஸ் பை. இதை 24ஆம் தேதி சுட்டு வைத்து, மறுநாள் லேசாகச் சூடேற்றலாம்.

அன்று காலை ஓவன் கட்டாயம் வேண்டியவை: வான்கோழியின் மார்புப் பகுதி, ஸ்டஃபிங், நட் ரோஸ்ட், உருளைக்கிழங்கு, பார்ஸ்னிப், சாசேஜ். பிரதான உணவு வரையிலான ஓவன் அட்டவணையில் இடம்பெறும் உரிமை இந்த ஆறுக்கு மட்டும்தான்.

மெனுவை முடிவு செய்யும் கூட்டத்தில் உங்களுக்கும் இடம் கிடைத்தால் பேசத் தயங்காதீர்கள். முதல் உணவாகச் சுட்ட டார்ட் ஒன்றை யாராவது சொன்னால், ஓவனில் இடமில்லை என்பதை அட்டவணையைக் காட்டி விளக்குங்கள். புகையூட்டிய சால்மன் மீன் போன்ற குளிர்ந்த உணவு என்றால் முன்கூட்டியே தட்டில் அடுக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். இடம் இல்லை என்பதை டிசம்பர் முதல் வாரத்தில் சொன்னால் அது யோசனை. 25ஆம் தேதி பன்னிரண்டு மணிக்குச் சொன்னால் அது சாக்குப்போக்கு.

வான்கோழியைப் பிரித்துச் சமையுங்கள்

முழுப் பறவையை அப்படியே ஓவனில் வைப்பது படத்துக்கு அழகு, வேலைக்கு இடைஞ்சல். அது உயரத்தை அடைத்துக்கொள்ளும், மேலடுக்குக்கு இடம் விடாது. மார்பு இறைச்சி காலுக்கு முன்பே வெந்துவிடும். கால் வேகும்வரை காத்திருந்தால் மார்பு வறண்டுபோகும். இரண்டுக்கும் வேறு வேறு சமையல் தேவை.

24 பேருக்குச் சுமார் ஐந்து கிலோ எடையுள்ள இரண்டு வான்கோழிகள் வாங்குங்கள். கால்களைப் பிரித்தெடுங்கள். எலும்போடு இருக்கும் மார்புப் பகுதிக்குச் சமையலறையில் கிரவுன் என்று பெயர். அது மட்டும் ஓவனுக்குப் போகட்டும். கால்களைக் குறைந்த தீயில் ஸ்டாக்கில் இரண்டு மணி நேரம் வேகவிட்டால் எலும்பிலிருந்து தானே கழன்று வரும். இறக்கையும் முதுகெலும்பும் கிரேவிக்கான ஸ்டாக்குக்கு. இந்த ஒரு முடிவால் ஓவன் நேரம் கணிசமாக மிச்சமாகிறது, விருந்தினருக்கு இரண்டு விதமான இறைச்சியும் கிடைக்கிறது, குப்பைக்கு எதுவும் போவதில்லை.

கறியை எலும்போடும் எலும்பு இல்லாமலும் பிரித்துப் பழகிய கை உங்களுக்கு இருந்தால், இந்த வேலையை நீங்களாகவே கேட்டு வாங்குங்கள். வெட்டும் கை நேர்த்தியாக இருப்பதைத் தலைமைச் சமையல்காரர்கள் உடனே கவனிப்பார்கள்.

மூன்று நாள் முன்வேலை

உறைந்த பறவை என்றால் ஃப்ரிட்ஜில் வைத்துத்தான் உருக்க வேண்டும். ஐந்து டிகிரிக்கு உட்பட்ட ஃப்ரிட்ஜில் ஒரு கிலோவுக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் என்பது பிரிட்டன் உணவுத் தர முகமையின் வழிகாட்டுதல். ஐந்து கிலோவுக்கு 50 முதல் 60 மணி நேரம் ஆகும். 23ஆம் தேதி காலையில் வெட்ட வேண்டுமானால் 20ஆம் தேதி மாலையே ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். கீழ்த்தட்டில், ஆழமான டிரேயில் வையுங்கள். பச்சைப் பறவையைக் குழாயடியில் கழுவ வேண்டாம். தெறிக்கும் நீர்த்துளிகளோடு கேம்பைலோபேக்டர் கிருமி சுற்றியிருக்கும் எல்லாப் பாத்திரங்களுக்கும் பரவும்.

23ஆம் தேதி: பறவையைப் பிரித்தல், கிரவுனுக்கு உப்புத் தடவி ஃப்ரிட்ஜில் வைத்தல், ஸ்டாக் காய்ச்சுதல், கால்களை வேகவைத்தல், சிவப்பு முட்டைக்கோஸ், கிரான்பெர்ரி சாஸ். வெந்த கால்களை ஆழமில்லாத பாத்திரங்களில் பரப்பி, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் ஏற்றுங்கள்.

24ஆம் தேதி: ஸ்டஃபிங் உருட்டுதல், சாசேஜுக்குப் பேக்கன் சுற்றுதல், நட் ரோஸ்ட் கலவையை அச்சில் நிரப்புதல், ஸ்ப்ரவுட்ஸைச் சுத்தம் செய்து கொதிநீரில் போட்டெடுத்துக் குளிர்வித்தல், மின்ஸ் பை சுடுதல், கிரேவியை முடித்து வைத்தல். ஐந்து கிலோ உருளைக்கிழங்கைத் தோல் சீவி, ஓரங்கள் பொலபொலக்கும்வரை அரைவேக்காடாக வேகவைத்து, வடித்து, பரப்பி ஆறவைத்து, மூடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மேற்பரப்பு உலர்ந்துவிடுவதால் மறுநாள் மொறுமொறுப்பு கூடும், அன்று காலை ஒரு பர்னரும் மிச்சமாகும்.

25ஆம் தேதி: ஓவன் அட்டவணை

அட்டவணையைப் பின்னாலிருந்து எழுத வேண்டும். விருந்தினர் 12:30க்கு உட்கார்ந்து சால்மன் சாப்பிடுகிறார்கள், பிரதான உணவு 1:00 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். 1:00 மணியிலிருந்து பின்னோக்கி நடந்தால் இப்படி வரும்.

- 8:30: ஓவனை ஃபேன் முறையில் 170 டிகிரிக்கு ஏற்றுதல்.
- 9:00: இரண்டு கிரவுன்களும் கீழடுக்கில், இரண்டு டிரேக்களில்.
- 10:15: மேலடுக்கில் ஒரு டிரே ஸ்டஃபிங், தனி டிரேயில் நட் ரோஸ்ட். அடுப்பில் புட்டிங்கை ஆவியில் ஏற்றுதல்.
- 11:15: எல்லாம் வெளியே. கிரவுன்களைத் தெர்மாமீட்டரால் சோதித்து, தளர்வாக மூடி ஓய்வுக்கு வைத்தல். ஸ்டஃபிங்கும் நட் ரோஸ்ட்டும் சூட்டு அலமாரிக்கு. ஓவனை 200 டிகிரிக்கு உயர்த்தி, எண்ணெய் ஊற்றிய இரண்டு வெறும் டிரேக்களை மேலடுக்கில் காயவிடுதல்.
- 11:30: காய்ந்த எண்ணெயில் உருளைக்கிழங்கு.
- 11:50: கீழடுக்கில் பார்ஸ்னிப் ஒரு டிரே, சாசேஜ் ஒரு டிரே. கால் இறைச்சியை ஸ்டாக்கோடு அடுப்பில் கொதிக்க வைத்தல்.
- 12:10: உருளைக்கிழங்கைப் புரட்டி, மேல் கீழ் அடுக்குகளை மாற்றுதல்.
- 12:30: கிரவுனை எலும்பிலிருந்து எடுத்து வெட்டி, மூடிச் சூட்டு அலமாரியில் வைத்தல். குளிர்ந்த தட்டுகள் சாப்பாட்டு அறைக்குப் போதல்.
- 12:35: ஓவனிலிருந்து எல்லாம் வெளியே. வெப்பத்தை 150க்குக் குறைத்தல்.
- 12:40: வெண்ணெயில் ஸ்ப்ரவுட்ஸ், கொதிக்கும் கிரேவி.
- 12:50: சூடான தட்டுகளில் பரிமாற ஆரம்பித்தல்.
- 1:20: மின்ஸ் பை ஓவனுக்குள்.

இந்த அட்டவணை நடப்பதற்குக் காரணம் 11:15க்கும் 12:30க்கும் இடையில் கிரவுன் ஓய்வெடுக்கும் நேரம். வெந்த இறைச்சிக்கு ஓய்வு தேவை. உடனே வெட்டினால் சாறெல்லாம் பலகையில் வழிந்துவிடும். அந்த ஓய்வு நேரத்தில்தான் ஓவன் காலியாகி, அதிகச் சூடு கேட்கும் உருளைக்கிழங்குக்குக் கிடைக்கிறது. குறைந்த சூட்டில் வேகுபவை முதலில், அதிகச் சூடு கேட்பவை பிறகு. இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால், விருந்தினர் எண்ணிக்கை மாறினாலும் நீங்களே புதிய அட்டவணை எழுதிவிடலாம்.

9:00 முதல் 10:15 வரை மேலடுக்கு காலியாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். முந்தைய நாள் விட்டுப்போன வேலைக்கோ, கடைசி நேரத்தில் கூடிய இரண்டு விருந்தினருக்கோ அந்த இடம் உதவும். இடைவெளியே இல்லாத திட்டம் முதல் தடங்கலிலேயே உடைந்துவிடும்.

கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓவன் சூட்டை இழக்கிறது, மீண்டும் ஏற நேரம் எடுக்கிறது. ஆகவே ஓவனுக்கு ஒரே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அவரைக் கேட்காமல் யாரும் கதவைத் தொடக் கூடாது.

சட்டமும் சூடும்

கடிகாரம் வழிகாட்டும், தெர்மாமீட்டர்தான் தீர்ப்புச் சொல்லும். பிரிட்டனில் இறைச்சியின் நடுப்பகுதி 70 டிகிரியில் இரண்டு நிமிடம் இருக்க வேண்டும், அல்லது 75 டிகிரியை எட்டி 30 விநாடி இருக்க வேண்டும். கிரவுனின் மிகத் தடித்த இடத்தில், எலும்பைத் தொடாமல் ஊசியைக் குத்திப் பாருங்கள். சூடாக வைத்திருக்கும் உணவு 63 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. ஸ்காட்லாந்தில் வேலை செய்தால், மறுபடி சூடாக்கும் உணவுக்கு 82 டிகிரி என்ற தனி விதி உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் பகுதி விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒவ்வாமைப் பட்டியல் இன்னும் முக்கியம். பிரிட்டனில் 14 பொருள்களைப் பற்றி விருந்தினருக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. கிறிஸ்துமஸ் தட்டில் அவை எதிர்பாராத இடங்களில் ஒளிந்திருக்கும். ஸ்டஃபிங் ரொட்டியில் குளூட்டன், ஸ்டாக்கில் செலரி, பிரெட் சாஸில் பால், சாசேஜில் சல்பைட், நட் ரோஸ்ட்டில் கொட்டைகள். நட் ரோஸ்ட்டுக்குத் தனி டிரே, தனிக் கரண்டி, தனி இடம் என்பதில் சிறிதும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு மனிதரின் உயிர் அந்தக் கரண்டியில் இருக்கிறது.

கூடுதலாக ஸ்லோ குக்கரோ மைக்ரோவேவோ கொண்டுவந்தால், மின் இணைப்பையும் பாருங்கள். பிரிட்டனின் சாதாரண பிளக் 13 ஆம்பியர், சுமார் மூன்று கிலோவாட் தாங்கும். ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் இரண்டு பெரிய கருவிகளைச் செருகி ஃபியூஸ் போனால், நெரிசல் நேரத்தில் யாரும் உதவிக்கு வரமாட்டார்கள்.

திட்டம் பிசகினால்

11:15க்குக் கிரவுன் வேகவில்லையா? மார்பை எலும்பிலிருந்து இரண்டாகப் பிரித்துத் தட்டையாக டிரேயில் வைத்து மறுபடி ஓவனில் விடுங்கள். முழுதாக வேகுவதைவிட மிக விரைவாக முடியும். ஓவனே நின்றுபோனதா? மார்பைப் பகுதிகளாக வெட்டி, வாணலியில் இருபுறமும் சிவக்கவிட்டு, ஸ்டாக்கில் மூடி வேகவையுங்கள். அரைவேக்காட்டு உருளைக்கிழங்கு ஏற்கெனவே தயாராக இருப்பதால் எண்ணெயில் பொரித்தெடுக்கலாம். அடுப்பை மட்டும் வைத்துப் பெரும் பந்தியையே நடத்தும் சமையல் மரபிலிருந்து போகிறவர்கள் நாம். ஓவன் இல்லாமல் யோசிப்பது நமக்குக் கைவந்த பலம்.

தாமதம் வரும் என்று தெரிந்த நொடியிலேயே சொல்லிவிடுங்கள். "செஃப், உருளைக்கிழங்குக்கு இன்னும் எட்டு நிமிடம் வேண்டும்" என்று 12:20க்குச் சொன்னால், பரிமாறுபவர்கள் முதல் உணவை நிதானமாக எடுத்துச் செல்வார்கள். அதையே 12:50க்குச் சொன்னால் 24 தட்டுகள் ஆறிப்போகும். எத்தனை நிமிடம் என்று எண்ணோடு சொல்வதும், கேட்டவர் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துவதும் நல்ல சமையலறைகளின் பழக்கம். ஆங்கிலம் சரளமாக வராதே என்ற தயக்கம் இங்கே வேண்டாம். எண்ணும் பொருளின் பெயரும் போதும்.

இதை வேலை உயர்வாக மாற்றுங்கள்

அட்டவணையைப் பெரிய எழுத்தில் எழுதி, ஓவனுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, உண்மையில் நடந்த நேரத்தைப் பேனாவால் குறியுங்கள். கிரவுன் இருபது நிமிடம் கூடுதலாக எடுத்ததா, பார்ஸ்னிப் முந்திக்கொண்டதா, எந்த டிரே மிச்சமானது? விருந்து முடிந்த ஓரிரு நாளில் அந்தக் காகிதத்தோடு தலைமைச் சமையல்காரரிடம் பத்து நிமிடம் கேட்டு உட்காருங்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் அவர் முதலில் தேடுவது அந்தக் காகிதத்தைத்தான். அதை எழுதியவரையும் அவர் மறக்கமாட்டார்.

அடுத்த வேலைக்கான நேர்காணலிலும் இது உங்கள் வலுவான சான்று. ‘கிறிஸ்துமஸ் சீசனில் வேலை செய்திருக்கிறேன்’ என்பதை எல்லோரும் சொல்வார்கள். ‘இரண்டு அடுக்கு ஓவன் ஒன்றில் 24 பேருக்கான விருந்துக்கு அட்டவணை போட்டேன், இன்ன நேரத்துக்குப் பரிமாறினோம், மறுமுறை இதை இப்படி மாற்றுவேன்’ என்று சொல்பவரைத்தான் செஃப் நிமிர்ந்து பார்ப்பார். கூடவே லெவல் 2 உணவு சுகாதாரச் சான்றிதழும் கையில் இருந்தால், சோதனை ஷிஃப்டுக்கான அழைப்பு எளிதாகும்.

தரமணியிலோ துவாக்குடியிலோ கேட்டரிங் படித்துக்கொண்டிருப்பவர்கள் வெளிநாடு போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்து உங்கள் கல்லூரியில் நடக்கும் விருந்துக்கு, எந்தக் கருவி எல்லோரையும் காக்க வைக்கிறது என்று முதலில் பாருங்கள். அது ஓவனாக இருக்கலாம், தந்தூராக இருக்கலாம், கிரைண்டராகவும் இருக்கலாம். அதற்கு ஒரு பக்க அட்டவணை எழுதி, ஆசிரியரிடம் காட்டித் திருத்தம் வாங்கி, அன்று அதன்படி நடந்து பாருங்கள். மூன்று விருந்துகளுக்கு இப்படிச் செய்தவர், எந்த நாட்டுச் சமையலறையில் நின்றாலும் முதல் டிசம்பரிலேயே ஓவன் பொறுப்பைத் துணிந்து கேட்டு வாங்கலாம்.